மறுபடியும் போய்த் தொட்டுப் பாருங்கள்: விபத்துப் பிரிவு இளம் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவில் இன்றிரவு டூட்டி பார்க்கப்போகிற ஹவுஸ் சர்ஜன்கள், பட்டமேற்படிப்பு மாணவர்கள், உதவி அறுவை மருத்துவர்கள் எல்லோருக்குமான மடல் இது. இருபத்தெட்டு வருடம் அரசுப் பணியில் அறுவை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். வயிற்றில் அடிபட்டு வந்தவரை ஒருமுறை பார்த்துவிட்டு 'அப்டமன் சாஃப்ட்', அதாவது வயிறு இறுகாமல் மெத்தென்று இருக்கிறது என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறீர்கள் அல்லவா, அந்த வரியின் ஆயுள் மூன்று நான்கு மணி நேரம்தான். அதற்குள் நீங்களே, இன்னொருவரை அனுப்பாமல் நீங்களே, மறுபடி போய் அந்த வயிற்றில் கை வைக்க வேண்டும்.

நான் அப்படிப் போகாமல் விட்ட ஓர் இரவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

2009, ஐப்பசி மழைக்காலம். தென் மாவட்டம் ஒன்றில் வேலை. இரவு ஒன்பதரை மணி இருக்கும். கொத்தனாருக்குக் கையாளாகப் போகிற 24 வயதுப் பையன், பைக் சறுக்கி விழுந்துவிட்டான் என்று 108-ல் கொண்டுவந்தார்கள். இடது மணிக்கட்டு உடைந்து கோணலாகக் கிடந்தது. தொப்புளுக்கு மேலே நாணயம் அளவுக்கு வட்டமாக ஒரு சிராய்ப்பு. ஹேண்டில்பாரின் முனை பட்ட இடம். பி.பி. 120/80, பல்ஸ் 88. தொட்டுப் பார்த்தேன். சிராய்ப்பைச் சுற்றி மட்டும் வலிக்கிறது என்றான். மற்ற இடமெல்லாம் மெத்தென்று இருந்தது. மார்பு எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று இல்லை. ஸ்கேனில் வயிற்றுக்குள் திரவம் இல்லை. 'அப்டமன் சாஃப்ட், இப்போதைக்கு அறுவை தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை எலும்புக்காக ஆர்த்தோ வார்டில் படுக்கை கிடைத்தது. அதோடு அவனை நான் மறந்துவிட்டேன். அன்றிரவு தியேட்டரில் எனக்கு இரண்டு கேஸ் இருந்தது உண்மை. ஆனால் தியேட்டருக்கும் ஆர்த்தோ வார்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மாடிப்படிதான்.

இரவு இரண்டு மணிக்கு அவன் அம்மா நர்ஸிடம் போய், "வயிறு உப்பிக்கிட்டே வருதும்மா, திரும்பிப் படுக்க முடியலங்கிறான்" என்று சொல்லியிருக்கிறார். நர்ஸ் அதைக் குறித்துவைத்து டூட்டி டாக்டருக்குத் தகவல் சொன்னார். அவர் வந்து முதலில் படித்தது நான் எழுதிய வரியை. சர்ஜன் பார்த்தாயிற்று, சாஃப்ட் என்று இருக்கிறது, அப்படியானால் வாயுவாக இருக்கும் என்று ஓர் ஊசி போடச் சொல்லிவிட்டுப் போனார். நாலு மணிக்குப் பல்ஸ் 104. ஏழு மணிக்கு 118. எல்லாம் சார்ட்டில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. 88, 104, 118 என்று அவற்றை ஒரே மூச்சில் படிக்கத்தான் ஆள் இல்லை. காலை ரவுண்ட்ஸ் முடிந்து எனக்கு அழைப்பு வந்தபோது மணி பதினொன்று. வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. பையனுக்கு உதடு காய்ந்து, மூச்சு மேலாக வாங்கிக்கொண்டிருந்தது.

மதியம் ஒரு மணிக்குத் திறந்தோம். பித்தம் கலந்த குடல்நீர் ஒன்றரை லிட்டர். சிறுகுடல் தொடங்கும் இடத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதை மூட இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. முந்தைய இரவு பன்னிரண்டு மணிக்கு மூடியிருந்தால் ஒரு வாரத்தில் எழுந்து போயிருப்பான். பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஊறிப்போன வயிறு அது. சீழ் பிடித்தது, தையல் பிரிந்தது, ஐ.சி.யூ.வில் பன்னிரண்டு நாள், மொத்தம் 41 நாள். பிழைத்துவிட்டான். ஆனால் வயிற்றில் பெரிய ஹெர்னியா. சிமெண்ட் மூட்டை தூக்கும் வேலை போயிற்று. "ராத்திரியே சொன்னேனே சார்" என்று அவன் அம்மா என்னிடம் சொன்னார். சண்டை போடுகிற குரலே இல்லை அது. நான் மறந்திருப்பேன் என்று எனக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னார்.

சில மணி நேரத்தில் என்ன பெரிதாக மாறிவிடப் போகிறது என்று அன்று என்னை நானே சமாதானம் செய்துகொள்ளப் பார்த்தேன். மாறும் என்று 2000-லேயே எண்களோடு எழுதிவைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபக்ரி என்ற அறுவை மருத்துவரும் அவருடைய சகாக்களும் எட்டு விபத்துச் சிகிச்சை மையங்களிலிருந்து, அடிபட்டுச் சிறுகுடல் கிழிந்த 198 பேரின் விவரங்களைத் தொகுத்தார்கள். சிறுகுடல் காயமே முக்கியக் காயமாக இருந்தவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தால், எட்டு மணி நேரத்துக்குள் அறுவை நடந்தவர்களில் 2 சதவீதம் பேர் இறந்திருக்கிறார்கள். எட்டிலிருந்து பதினாறு மணி நேரத்தில் நடந்தவர்களில் 9 சதவீதம். பதினாறிலிருந்து இருபத்துநாலுக்குள் 17. ஒரு நாளைத் தாண்டியவர்களில் 31. நான் மறந்துபோன அந்தப் பையன் இந்தக் கணக்கில் எந்தக் கட்டத்தின் விளிம்பில் நின்றான் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் காயம் அரிது. அதுதான் இதன் முதல் ஆபத்து. மழுங்கிய அடி, அதாவது குத்தோ வெட்டோ இல்லாத அடிபட்டு வருகிறவர்களில் குடல், இரைப்பை மாதிரியான உள்ளீடற்ற உறுப்புகளில் காயம் இருப்பது ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்குத்தான். அதிலும் சிறுகுடல் ஓட்டையாகிப் போவது ஆயிரத்தில் மூன்று பேருக்கு. ஆறு மாத போஸ்டிங்கில் நீங்கள் ஒன்றுகூடப் பார்க்காமல் போகலாம். ஆனால் நம் சாலைகளை நினைத்துப் பாருங்கள். 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாகின. நாட்டிலேயே நாம்தான் முதலிடம். தனியொரு மருத்துவருக்கு அரிதாகத் தெரிவது மாநிலம் முழுக்கப் பார்த்தால் அவ்வளவு அரிதல்ல. சாலையை விட்டுவிட்டால்கூடப் பனைமரத்திலிருந்து விழுந்தவர், மாடு முட்டியவர், கபடியில் முழங்கால் ஏறியவர், குடும்பச் சண்டையில் உதைபட்ட பெண் என்று வந்துகொண்டே இருப்பார்கள். அந்தப் பெண் படியில் வழுக்கி விழுந்ததாகத்தான் விபத்துப் பதிவேடான ஏ.ஆர். எழுதும்போது சொல்வார்.

சரி, குடல் எப்படிக் கிழிகிறது? ஒரு முறை இதை மனசில் படமாக வாங்கிக்கொண்டால் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்பது தானாக வரும். ஏறத்தாழ ஆறு மீட்டர் சிறுகுடலைப் பதினைந்து சென்டிமீட்டர் வேரில் பிடித்து வைத்திருக்கிறது மெசன்டரி, குடலுக்கு ரத்தக்குழாய்களைக் கொண்டுபோகும் சவ்வு. புடவைக் கொசுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் செருகிய இடம் ஒரு சாண்தான், கீழே விரிவது அத்தனை நீளம். வண்டி சட்டென்று நிற்கும்போது உடம்பு நின்றுவிடும், குடல் முன்னால் போகும். கொசுவம் செருகிய இடத்திலும், குடல் கட்டிப்போடப்பட்ட இரண்டு முனைகளிலும் இழுபடும். அதனால்தான் சிறுகுடல் தொடங்கும் இடத்துக்கு அருகிலும், பெருங்குடலோடு சேரும் இடத்துக்கு அருகிலும் கிழிசலைத் தேடச் சொல்கிறோம். இன்னொன்று, ஹேண்டில்பாருக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் குடல் சிக்கி நசுங்குவது. மூன்றாவது, இரண்டு பக்கமும் மூடிக்கொண்ட ஒரு குடல்வளையம் அழுத்தத்தில் வெடிப்பது. பால் பாக்கெட்டை இரண்டு முனையிலும் இறுக்கிப் பிடித்து நடுவில் குத்தினால் என்ன ஆகுமோ அதுதான். மூன்றிலும் தோல் கிழிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

மெசன்டரி கிழிவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சில சமயம் குடல் முழுசாக இருக்கும், ஆனால் மெசன்டரியிலிருந்து வாளியின் கைப்பிடி மாதிரி பிரிந்து நிற்கும். ரத்த ஓட்டம் இல்லை. அந்தத் துண்டு உடனே ஓட்டையாகாது. ஒரு நாளோ இரண்டு மூன்று நாளோ கழித்துக் கறுத்துச் செத்து, அப்புறம் ஓட்டையாகும். ரத்த ஓட்டம் பாதி போய்ப் பாதி இருந்தால் பல வாரம் கழித்துச் சுருங்கி, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வரும். அப்போது விபத்தை யாரும் நினைக்கக்கூட மாட்டார்கள். அதனால் வயிற்று அடைப்போடு வருகிறவரிடம் 'சமீபத்தில் எங்கேயாவது விழுந்தீங்களா?' என்று கேட்கும் பழக்கம் நல்லது.

மண்ணீரல் கிழிந்தால் உடம்பு பெரும்பாலும் அதை மறைக்காது. ரத்தம் கொட்டும், பல்ஸ் ஏறும், பி.பி. இறங்கும், ஸ்கேனில் கறுப்பாகத் திரவம் தெரியும். சிறுகுடல் அப்படிப்பட்டதில்லை. மேல் சிறுகுடலில் இருக்கும் நீரில் அமிலமும் அதிகமில்லை, கிருமியும் அதிகமில்லை. வயிற்று உறையில் அது பட்டாலும் உடனே எரிச்சல் கிளம்புவதில்லை. ஓட்டையின் உள்சவ்வு வெளியே பிதுங்கி அதையே கொஞ்ச நேரம் அடைத்துக்கொள்ளும். குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புத் திரையான ஒமெண்டம் வந்து மூடும். குடல் பயந்துபோய் அசைவை நிறுத்திக்கொள்ளும். அடிபட்ட நேரத்து வலி ஒன்றிரண்டு மணி நேரத்தில் குறையக்கூடச் செய்யும். அந்த இடைவெளியில்தான் நோயாளி நம்மிடம் வருகிறார், அந்த இடைவெளியில்தான் நாம் 'சாஃப்ட்' என்று எழுதுகிறோம். பொய் எழுதவில்லை. அந்த நேரத்தில் அது சாஃப்ட்தான்.

பரிசோதனைகளைப் பற்றி. இதில் நான் சொல்வது சிலருக்குப் பழைய காலத்து ஆள் பேசுகிற மாதிரி படலாம், ஆனாலும் சொல்கிறேன்.

ஃபாஸ்ட் ஸ்கேன், அதாவது அடிபட்டவருக்குக் கட்டிலிலேயே அவசரமாகச் செய்யும் அல்ட்ராசவுண்ட், தேடுவது திரவத்தை. அதுவும் ரத்தத்தை நினைத்துச் செய்த ஏற்பாடு. கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில், மண்ணீரலைச் சுற்றி, இடுப்புக்குழியில், இதய உறையில் என்று நாலு இடத்தில் பார்க்கிறோம். கிழிந்த சிறுகுடலிலிருந்து முதல் இரண்டு மணி நேரத்தில் வருவது பல நேரம் ஐம்பது, நூறு மில்லிதான். அது ஸ்கேனுக்குத் தெரியாது. ஃபாஸ்ட் நெகட்டிவ் என்றால் பெரிய ரத்தக்கசிவு இப்போது இல்லை என்று அர்த்தம். குடலைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. 'ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல' என்று உறவினர்களிடம் சொல்லும்போது அவர்கள் அதை 'வயித்துல ஒண்ணும் இல்ல' என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். பல நேரம் நாமும் அப்படித்தான் கேட்டுக்கொள்கிறோம்.

எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்றுத் தெரிந்தால் நேராகத் தியேட்டர்தான், சந்தேகமில்லை. தெரியாவிட்டால் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர வேண்டாம். இரைப்பைப் புண் ஓட்டையில் காற்றைப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. சிறுகுடலில் காற்றே கொஞ்சம்தான் இருக்கும். அது வெளியே வந்து தெரிய வேண்டும், நோயாளி நிமிர்ந்து உட்கார வேண்டும். தொடை உடைந்தவர் எங்கே உட்காருவார்?

ஊசியை வயிற்றில் நாலு பக்கம் போட்டு உறிஞ்சிப் பார்க்கிற வழக்கம் சின்ன மருத்துவமனைகளில் இன்னும் இருக்கிறது. பித்தமோ கலங்கிய நீரோ வந்தால் கேள்வியே இல்லை. ஒன்றும் வராவிட்டால் ஒன்றும் தெரியவில்லை என்றுதான் பொருள்.

சிடி வந்த பிறகு நிலைமை நிறைய மாறியது, மறுக்கவில்லை. நரம்பு வழியாகக் கான்ட்ராஸ்ட், அதாவது படத்தில் பளிச்சென்று தெரியும் மருந்து கொடுத்து எடுக்கிற சிடிதான் இன்று நம் கையில் இருக்கும் சிறந்த கருவி. வாய்வழிக் கான்ட்ராஸ்ட் குடிக்க வைத்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. குடலுக்கு வெளியே காற்று, குடல் சுவரில் வெட்டு, மெசன்டரியில் கான்ட்ராஸ்ட் கசிவு, இவை தெரிந்தால் விஷயம் முடிந்தது. குழப்பம் வருவது நடுவாந்தரமான படத்தில்தான். குடல் சுவர் கொஞ்சம் தடித்திருக்கிறது, மெசன்டரியில் புகை படிந்த மாதிரி கோடுகள், இடுப்புக்குழியில் கொஞ்சம் திரவம். கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் எதிலும் காயம் இல்லை. சரி, அப்படியானால் அந்தத் திரவம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை ரேடியாலஜிஸ்டிடம் நேரில் போய் உட்கார்ந்து கேளுங்கள். மாதவிடாய் வரும் வயதுப் பெண்களுக்குச் சொட்டுத் திரவம் இயல்பாகவே இருக்கலாம். ஆண் நோயாளியிடம், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருந்தால், இல்லை என்று நிரூபணம் ஆகும்வரை குடல் கிழிசல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிடி முழுசாக இயல்பாக இருந்தால்? 2003-ல் அமெரிக்காவின் 95 மையங்களிலிருந்து தொகுத்த ஓர் ஆய்வில், சிறுகுடல் ஓட்டையானது உறுதியான நோயாளிகளில் 13 சதவீதம் பேருக்கு அறுவைக்கு முன் எடுத்த சிடி இயல்பாக இருந்திருக்கிறது. எட்டில் ஒருவர். அன்றைய சிடி இயந்திரங்கள் இன்றைக்கு இருப்பவற்றைவிட மெதுவானவை, படமும் அவ்வளவு நுட்பமில்லை. இப்போது தப்புவது குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. விபத்து நடந்த ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த சிடியில் காட்டுவதற்கே இன்னும் ஒன்றும் உருவாகாமல் இருக்கலாம். அதனால் சந்தேகம் தீராதபோது ஆறு முதல் எட்டு மணி நேரம் கழித்து மறுபடி ஒரு சிடி எடுப்பதில் வெட்கமே இல்லை. சீஃப் திட்டுவார் என்று பயந்தால் என் மடலைக் காட்டுங்கள்.

தலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடப்பவர், நிறையக் குடித்திருப்பவர், முதுகுத்தண்டு அடிபட்டு வயிற்றில் உணர்ச்சி இல்லாதவர், இவர்களிடம் நம் கைக்கு வேலை குறைவு. தொட்டால் முகம் சுளிக்கக்கூட மாட்டார்கள். இவர்களுக்குத்தான் மறு சிடி கட்டாயம். அதற்கும் வழியில்லாத இடத்தில், 1965-ல் டேவிட் ரூட் அறிமுகப்படுத்திய வயிறு கழுவிப் பார்க்கும் முறை இன்னும் செல்லும். ஒரு லிட்டர் சலைன் விட்டுத் திரும்ப எடுத்து அதில் வெள்ளணு, பித்தம், உணவுத் துணுக்கு இருக்கிறதா என்று பார்ப்பது. ஃபாஸ்ட் வந்த பிறகு இதை எல்லோரும் ஓரங்கட்டிவிட்டார்கள். குடல் விஷயத்தில் அவ்வளவு அவசரமாக ஓரங்கட்டியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. சின்னத் துளை வழியாக வயிற்றுக்குள் பார்க்கும் லேப்ராஸ்கோப் கையில் இருந்து, நோயாளியின் நிலை இடம் கொடுத்தால் அதுவும் நல்ல வழிதான், ஆனால் குடலை முதல் அங்குலத்திலிருந்து கடைசி அங்குலம்வரை கையாண்டு பார்க்கத் தெரிந்தவர் பிடிக்க வேண்டும்.

இனி, தொட்டுப் பார்ப்பது. இதற்காகத்தான் இந்த மடலே.

முதல் முறை தொடும்போது எங்கே வலிக்கிறது என்று ஒரு வயிற்றுப் படம் வரைந்து குறியுங்கள். நேரம் எழுதுங்கள். பல்ஸ், மூச்சு, காய்ச்சல், மணிக்கு எத்தனை மில்லி சிறுநீர் என்று அதே வரியில் எழுதுங்கள். அப்புறம் முதல் பன்னிரண்டு மணி நேரமாவது இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை அதே கை போக வேண்டும். ஏன் அதே கை? 'லேசான வலி' என்று நான் எழுதுவதும் நீங்கள் எழுதுவதும் ஒன்றல்ல. நேற்று மெத்தென்று இருந்தது இன்று கொஞ்சம் எதிர்க்கிறது என்ற வித்தியாசம் விரல் நினைவில் இருப்பது. அது கேஸ் ஷீட் வழியாகக் கைமாறாது.

என்ன மாறுகிறது என்று பாருங்கள். சிராய்ப்பு இருக்கும் இடத்தில் வலிப்பது தோலும் சதையும் அடிபட்டதால் இருக்கலாம். சிராய்ப்பிலிருந்து தள்ளி, அடியே படாத இடத்தில் வலி பரவினால் உள்ளே ஏதோ ஒழுகுகிறது. இருமச் சொல்லுங்கள். எங்கே வலிக்கிறது என்று ஒரே விரலால் காட்டச் சொல்லுங்கள். போகிறபோக்கில் கட்டிலை லேசாக இடித்துப் பாருங்கள், முகம் சொல்லும். அழுத்திச் சட்டென்று விட்டுப் பார்த்து வதைக்க வேண்டாம். குடல் சத்தம் கேட்கிறது என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். ஓட்டையோடு சத்தம் கேட்ட வயிறுகளை நான் பார்த்திருக்கிறேன். பல்ஸ் படிப்படியாக ஏறுவதுதான் பெரும்பாலும் முதல் எச்சரிக்கை மணி. வலிதான் காரணம் என்று தோன்றினால் வலிக்கு மருந்து கொடுத்து, இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் வேறு காரணம் இருக்கிறது.

வலி மருந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 'மருந்து கொடுத்தால் வயிற்றின் அறிகுறி மறைந்துவிடும், சர்ஜன் பார்க்கும்வரை கொடுக்காதே' என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நாங்களும் நிறையப் பேரைத் துடிக்கவிட்டோம். அளவாகக் கொடுத்த வலி மருந்து வயிற்று உறையின் எரிச்சலை மறைத்துவிடாது. பதற்றமும் உடைந்த எலும்பின் வலியும் குறைந்த பிறகு தொட்டால், வயிறு இன்னும் தெளிவாகப் பேசும். கொடுங்கள்.

வெள்ளணு எண்ணிக்கை முதல் முறை ஏறியிருப்பது பெரிதில்லை, அடிபட்ட எல்லோருக்கும் ஏறும். ஆறு மணி நேரம் கழித்து இன்னும் ஏறினால் கவனியுங்கள். 2015-ல் மூன்றே விஷயத்தை வைத்து ஒரு மதிப்பெண் முறை வெளிவந்தது. வயிற்றில் வலி, வெள்ளணு 17,000 அல்லது அதற்கு மேல், சிடியில் மெசன்டரிக் காயத்தின் தரம் கூடுதலாக இருப்பது. மூன்றில் இரண்டு இருந்தால் அறுவைக்குப் போக வேண்டிய வாய்ப்பு அதிகம் என்பது அதன் சாரம். தனியாக எதுவும் போதாது, சேர்த்துப் படி என்பதைத்தான் அதுவும் சொல்கிறது. எனக்கு 88, 104, 118 மறுபடி ஞாபகம் வந்தது.

சில அடையாளங்களைப் பார்த்தால் ஆரம்பத்திலேயே கட்டிலில் ஒரு குறி போட்டு வையுங்கள். ஹேண்டில்பார் வட்டம் ஒன்று. அடிவயிற்றுக்குக் குறுக்கே சீட் பெல்ட் தடம் இன்னொன்று. பெல்ட் போட்டது தப்பு என்று நோயாளியிடம் சொல்லிவிடாதீர்கள், அது உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் தடம் ஆழமாக இருந்தால் குடல் காயத்துக்கு வாய்ப்பு கூடுகிறது. அதோடு இடுப்புக்கு மேலே முதுகெலும்பு குறுக்காகப் பிளந்திருந்தால், அதாவது 1948-ல் சான்ஸ் விவரித்த அந்த முறிவு இருந்தால், சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும். அந்த நோயாளியை ஆர்த்தோவிடம் அனுப்பிவிட்டு நீங்கள் கை கழுவ முடியாது.

குழந்தைகள் விஷயத்தில் எனக்கு இன்றும் பயம் உண்டு. சைக்கிளில் மெதுவாகத்தான் போயிருப்பான், மெதுவாகத்தான் விழுந்திருப்பான், ஆனால் ஹேண்டில்பார் முனை மேல்வயிற்றில் குத்தியிருக்கும். சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினம் இருப்பது வயிற்று உறைக்குப் பின்னால். அது கிழிந்தால் முன்வயிறு பல மணி நேரம் மெத்தென்றே இருக்கும். முதுகு வலிக்கிறது, வாந்தி நிற்கவில்லை என்பதுதான் கிடைக்கும் துப்பு. கிழியாமல் சுவரில் ரத்தம் கட்டி வழி அடைத்துக்கொள்வதும் உண்டு, அதில் வாந்தி இரண்டாம் நாள்கூட ஆரம்பிக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளையை 'ஒண்ணுமில்ல, ஓ.ஆர்.எஸ். குடு' என்று அனுப்பிவிடாதீர்கள். விழுந்ததாகச் சொல்லும் கதையும் காயமும் பொருந்தவில்லை என்றால் யாராவது அடித்தார்களா என்று தனியாகக் கேளுங்கள். கேட்பதற்கு சங்கடமாக இருக்கும். கேட்க வேண்டும்.

நர்ஸும் அம்மாவும் சொல்வதைப் பற்றி. இரவு முழுக்கப் பக்கத்தில் இருப்பவர்கள் அவர்கள். 'காத்துப் பிரியல', 'வயிறு கல்லு மாதிரி இருக்கு', 'ஒரே பக்கமா சுருண்டு படுத்திருக்கான்', 'நேத்து பேசுன மாதிரி இல்ல சார்' என்று அவர்கள் சொல்வதெல்லாம் மருத்துவக் குறிப்புகள். அவர்கள் கூப்பிட்டால் கேஸ் ஷீட்டைப் படிக்கும் முன் நோயாளியைப் பாருங்கள். படித்துவிட்டுப் போனால் முன்னால் எழுதியவர் கண்ணால்தான் பார்ப்பீர்கள். அன்றிரவு அந்த டூட்டி டாக்டருக்கு நடந்தது அதுதான். அவர்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. அவர் நம்பியது என் கையெழுத்தை.

சிடி இல்லாத தாலுகா மருத்துவமனையில் இருக்கிற தம்பி தங்கைகளுக்கு: ஹேண்டில்பார் தடமோ பெல்ட் தடமோ இருந்து, மேல்நோக்கிய பல்ஸும் இருந்தால், காலைவரை வைத்துப் பார்க்காதீர்கள். வாய்வழி ஒன்றும் கொடுக்காமல், ட்ரிப் ஏற்றி, மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் ட்யூப் போட்டு, ஆன்டிபயாடிக் முதல் டோஸ் போட்டு அனுப்புங்கள். ரெஃபர் சீட்டில் 'மேல்சிகிச்சைக்கு' என்று மட்டும் எழுதாமல், எத்தனை மணிக்கு அடிபட்டது, எத்தனை மணிக்கு வயிறு எப்படி இருந்தது, 'குடல் காயம் சந்தேகம்' என்று எழுதுங்கள். அந்த மூன்று வார்த்தை அங்கே இருக்கிறவரைக் கட்டிலுக்கு இழுத்துவரும்.

மருத்துவமனைகளை நடத்தும் முதல்வர்களும் இணை இயக்குநர்களும் இதைப் படித்தால், அவர்களிடம் மூன்று வேண்டுகோள். வயிற்றில் அடிபட்டவர் எந்த வார்டில் படுத்திருந்தாலும், ஆர்த்தோ, நியூரோ எதுவானாலும், முதல் 24 மணி நேரம் அவர் அறுவைப் பிரிவின் நோயாளி என்று எழுதி உத்தரவு போடுங்கள். படுக்கைத் தலைமாட்டில் ஒரே ஒரு தாள். நேரம், பல்ஸ், வயிறு, பார்த்தவர் பெயர். எட்டு மணிக்கு டூட்டி மாறும்போது இரண்டு டாக்டரும் கட்டில் பக்கத்தில் நின்று, இருவரும் தொட்டுப் பார்த்து ஒப்படைக்க வேண்டும். போனில் ஒப்படைக்கக் கூடாது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சாலை விபத்துக்குப் பிறகான முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, குறிப்பிட்ட வரம்புவரை, நோயாளி கையிலிருந்து பணம் போவதில்லை. அடிபட்ட குடல் பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுப்பதும் அந்த 48 மணி நேரத்துக்குள்தான். மறு சிடிக்குச் செலவு என்று யாரும் தயங்க இனிக் காரணமில்லை.

கடைசியாக, வீட்டுக்கு அனுப்புகிறவர்களைப் பற்றி. எல்லாரையும் படுக்கவைக்க முடியாது என்று எனக்கும் தெரியும். அப்படி அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில், பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்: வயிற்று வலி திரும்ப வந்தாலோ, வயிறு உப்பினாலோ, வாந்தி வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, எந்த நேரமானாலும் திரும்பி வரவும். எழுதிக் கொடுத்ததோடு விடாமல் கூட வந்தவரிடம் படித்துக் காட்டுங்கள். இரவு இரண்டு மணிக்கு வந்தால் திட்டமாட்டோம் என்றும் சொல்லுங்கள். நம் மக்கள் டாக்டர் திட்டுவார் என்று பயந்தே விடியும்வரை காத்திருப்பார்கள்.

அந்தப் பையனுக்கு ஹெர்னியா அறுவையை இரண்டு வருடம் கழித்து நானே செய்தேன். அறுவை முடிந்த இரவு மூன்று முறை போய்ப் பார்த்தேன். மூன்றாவது முறை போனபோது அவன் அம்மா விழித்துக்கொண்டு, "இப்ப நல்லாத் தூங்குறான் சார், நீங்க போய்ப் படுங்க" என்றார்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஓர் அரசு அறுவை மருத்துவர்